மூணா, ஆறரையா

ஐரின் அக்கா கைப்பையைத் திறந்து ஒரு பஞ்சுச் சுருளையும் சின்ன ஸ்பிரிட் பாட்டிலையும் எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். மவுத்பீஸ் வாங்க வந்தவளா, ஊசி போட வந்தவளா என்று பொன்சிங் நினைத்துக்கொண்டான். நினைத்ததை முகத்தில் காட்டவில்லை, அதில் அவனுக்கு நல்ல பழக்கம் உண்டு, பள்ளிக்கூட ஆபீஸில் இருபத்தாறு வருஷமாக எத்தனை தலைமையாசிரியர்களைப் பார்த்துவிட்டான், ஒருவனுக்காவது ஒரு விடுப்புக் கடிதத்தைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்திருக்கிறதா, எல்லோர் முன்னாலும் இதே முகத்தை வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறான். கீழே ஜங்ஷனில் பஸ்கள் அலறிக்கொண்டிருந்தன. மாடியில் இருந்த அந்த வாத்தியக் கடையில் ஒரு மின்விசிறி சுற்றுவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் கிதார், மூலையில் தோல் கிழிந்த ஒரு டிரம், நடுவில் கடைக்காரர் அசன் பாய். அந்த மனிதருக்கு ஒரு விசில்கூட ஊத வராது, ஆனால் எந்த உதட்டுக்கு எந்தக் கிண்ணம் என்று ஜில்லாவிலுள்ள அத்தனை பேண்டுக்காரர்களுக்கும் அவர்தான் சொல்லிவிடுகிறாராம். சொல்வார், சொல்வார், கேட்பதற்கு ஆள் இருந்தால் யார்தான் சொல்லமாட்டார்கள். அவர் மூன்று மவுத்பீஸ்களை, குழலின் வாயில் செருகி உதடு வைக்கிற கிண்ணங்களை, வரிசையாக வைத்தார், ஆறரை, அஞ்சு, மூணு. யூஃபோனியத்துக்கு எண் குறையக் குறையக் கிண்ணம் பெரிசு, இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளவே ஐரின் அக்காவுக்கு இரண்டு நாள் ஆனது, "அதென்ன தம்பி, தலைகீழா இருக்கு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், ஐம்பத்தொன்பது வயசில் வேறென்ன வரும். முப்பத்துநான்கு வருஷம் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம், சபைப் பெண்கள் ஐக்கியத்தில் முறுக்குச் சுடலாம், இவளுக்குப் பித்தளை கேட்கிறது. அதுவும் யூஃபோனியம், கைக்கு அடங்காத கனத்த குழல். இன்றைக்கு பஸ்ஸில் அதைத் துணிப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், கண்டக்டர் "என்னம்மா, அண்டாவா?" என்று கேட்டான், பஸ்ஸே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள், பொன்சிங்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கூட வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சபையின் கோயில் பேண்டை நடத்துகிற ஜோதிநாயகம் மாஸ்டர்தான் ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுகிற நேரத்தில் தோளில் கையைப் போட்டு, "ஐரினுக்கு ஒரு நல்ல பீஸாப் பாத்து வாங்கிக் குடும்வே, நீருதான் வரணும்னு அவ பிரியப்படுதா" என்றார். பிரியப்படுதாளாம். ஏமாளி. யாரிடம் போய் யாரை வழிகாட்டச் சொல்வது என்று தெரியாதவர்கள்தான் உலகத்தில் முக்கால்வாசிப் பேர், அவர்களில் இவள் முதல். ஆனால் மாஸ்டர் அதோடு விடவில்லை, செருப்பு மாட்டி முடிந்தபிறகு, ஏதோ ஞாபகம் வந்ததுபோல, "சனிக்கிழமை ரெண்டு பேரும் அந்த ஈஸ்டர் பாட்டுத் துண்ட ஊதிக் காட்டுங்க, கேட்டுட்டு யாருன்னு சொல்லுதேன்" என்றார். யாரு என்று சொல்கிறாராம். ஈஸ்டர் காலையில் பேண்டை முழுக்க நிறுத்திவிட்டு யூஃபோனியம் மட்டும் ஒற்றையாக ஊதுகிற அந்தப் பதினாறு அடிகள் பதினோரு வருஷமாகப் பொன்சிங்குடையது. இது எல்லோருக்கும் தெரியும். பிரசங்கம் பண்ணுகிற ஐயருக்குத் தெரியும், பாடகர் குழுவுக்குத் தெரியும், பின்வரிசையில் தூங்கி வழிகிற கமிட்டிக்காரர்களுக்கும் தெரியும், அந்தப் பதினாறு அடிக்கு மட்டும் முழித்துவிடுவார்கள். வருஷத்தில் மற்ற முன்னூற்றுச் சொச்சம் நாளும் அவன் கிளார்க் பொன்சிங், மேபலின் புருஷன், ஒரு விண்ணப்பத்தின் மூலையில் இருக்கிற சின்னக் கையெழுத்து. அந்த ஒரு நாள் மட்டும்தான் மனிதர்கள் கழுத்தைத் திருப்பி அவனைப் பார்க்கிறார்கள். அதை யாருடனாவது ஊதிக் காட்டிப் போட்டிபோட்டு வாங்க வேண்டுமா. மாஸ்டருக்கு ஒரு காது போயே வருஷக்கணக்காகிறது, அவர் கேட்டுச் சொல்லப்போகிறாராம். நாக்கு தானாக மேலே போனது. முன்பல், இடது பக்கத்தது, தொட்டால் ஆடுகிறது. ஜனவரியிலிருந்து ஆடுகிறது. யாருக்கும் தெரியாது, மேபலுக்குக்கூடச் சொல்லவில்லை, சொன்னால் முதலில் வெந்நீரில் உப்புப் போடுவாள், அடுத்து ஊருக்கே சொல்லுவாள். போன ஈஸ்டரில் உச்சியில் அந்த ஒரு சுரம் உடைந்ததே, அப்போது பல் ஆடவில்லை, அப்போது ஆடாத பல்லுக்கே அது உடைந்தது என்றால் இப்போது. இல்லை, அது குளிர். மார்கழி பனிபோல் பனி அன்றைக்கு. ஈஸ்டரில் ஏது பனி என்று யாரும் கேட்கவில்லை, கேட்கிற அளவுக்கு யாருக்கும் காது கிடையாது.

ஐரின் அக்கா ஆறரையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள், விளிம்பில் ஒரு சுற்று, உள்ளே ஒரு சுற்று, குழலுக்குள் போகிற காம்பில் ஒரு சுற்று. ஸ்பிரிட் வாசம் எழுந்து வந்தது. மேபலுக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனபோது வீடு முழுக்க இந்த வாசம்தான், பத்து நாள் காலையும் மாலையும் இவள்தான் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டு மாற்றிவிட்டுப் போனாள், யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தாள், இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு நோயாளி கிடைத்தால் போதும். ஒவ்வொரு தடவையும் கட்டுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவை எடுத்து அதன்மேல் தேதி எழுதுவாள். ஏதோ கலெக்டர் கையெழுத்துப் போடுகிற மாதிரி. "எதுக்குக்கா தேதி?" என்று மேபல் கேட்டதற்கு, "எப்ப கட்டுனோம்னு கட்டுனவளுக்கே மறந்துபோகும்லா" என்றாள். மறதி பிடித்த கிழவி. அவள் முதல்முதலாகப் பேண்டுக்கு வந்த நாளை அவன் மறக்கவில்லை, பெந்தெகொஸ்தே ஞாயிறு, ஜூன் ஐந்தாம் தேதி, இன்னும் இரண்டு மாசம் போனால் இரண்டு வருஷம். கோயிலில் உபரியாகக் கிடந்த யூஃபோனியத்துக்கு மவுத்பீஸ் இல்லை, "உம்மதக் கொஞ்சம் குடும்வே, சத்தம் வருதான்னு பாப்போம்" என்று மாஸ்டர் சொல்ல, பொன்சிங் தன்னுடைய மூணைக் கழற்றிக் கொடுத்தான், வேடிக்கை பார்க்கலாம் என்றுதான் கொடுத்தான். எல்லோருக்கும் முதல் நாள் வருவது எருமை சத்தம். இவளுக்கு அது வரவில்லை. முதலில் காற்று வந்தது, பிறகு ஒரே ஒரு சுரம், நீளமாக, உருண்டையாக, கோயில் பின்பக்கத்து வேப்பமரத்துக் காக்காய்கள் வாயை மூடுகிற அளவுக்கு. மாஸ்டர் நல்ல காது இருக்கிற பக்கமாகத் தலையைத் திருப்பினார். அந்தத் தலை திரும்பியதைத்தான் பொன்சிங் பார்த்தான். அன்றைக்குச் சாயங்காலமே பேண்ட் பீரோவைக் குடைந்து, உடைந்துபோன டிராம்போனுடைய மவுத்பீஸை எடுத்தான். டிராம்போனுக்குக் கிண்ணம் ஆழம் குறைவு, காம்பு ஒல்லி, யூஃபோனியத்தில் செருகினால் லொடலொடவென்று ஆடும். முந்தின கிறிஸ்துமஸில் வீடு வீடாகப் பாடப்போகிற கேரல் ரவுண்ட்ஸுக்கு அடித்த ரோஸ் கலர் பாட்டு நோட்டீஸைப் பட்டை பட்டையாகக் கிழித்துக் கோந்து தடவிக் காம்பில் சுற்றினான், மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப். இப்போது கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்த வாரம் அதை அவளிடம் கொடுத்து, "இதுதான்க்கா யூஃபோனியத்துக்கு உள்ளது, டேப்ப மட்டும் பிரிச்சிராதீங்க, காத்து கசியும்" என்றான். இல்லை, அடுத்த வாரம் இல்லை, அன்றைக்கே இரவு அவள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தான். அவ்வளவு அவசரம். நல்லது வாங்குகிறவரைக்கும் இரண்டு வாரத்துக்கு என்றுதான் நினைத்தான், சத்தியமாக அப்படித்தான் நினைத்தான், சத்தியம் பண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அவள் ஆறரையை யூஃபோனியத்தில் செருகினாள். செருகியதும் அது லேசாகத் திரும்பி, தன் இடம் இதுதான் என்பதுபோல நின்றது, டேப்பும் இல்லை கோந்தும் இல்லை. கடைக்காரரின் முக்காலியில் உட்கார்ந்து, தொடையில் சாய்த்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மூச்சை இழுத்தாள். கிழவிக்கு மூச்சுக்குப் பஞ்சமில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், வார்டு வார்டாக நடந்த நெஞ்சு. முதல் சுரம் வந்தது. பொன்சிங் தும்மினான். தும்மல் வரவில்லை, வரவழைத்துக்கொண்டான். அவள் நிறுத்தவில்லை, கீழே இறங்கி, மேலே ஏறி, இந்த இரண்டு வருஷமாக மூக்கடைத்தவன் பாடுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்த அதே அடிகள்தான், அதே ஈஸ்டர் துண்டு, மூக்கடைப்பு மட்டும் போய்விட்டது. அசன் பாய் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். இவர் எதற்காகப் பேனாவை மூட வேண்டும், இவருக்கு என்ன தெரியும். உச்சிச் சுரத்தில் அவள் ஏறிய விதம், தாவவில்லை, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுப்பதுபோலக் கையை நீட்டி எடுத்தாள், அவ்வளவுதான். அதைச் சிறுபிள்ளைகள் ஊதுகிற சின்னக் கிண்ணத்தில் யார்தான் எடுக்கமாட்டார்கள், ஆறரை என்பது பழகுகிறவர்களுக்கு உள்ளது, பாய் அப்படித்தான் சொல்கிறார், "பழகுத உதட்டுக்கு இதாம்மா நல்லது, ரெண்டு மூணு வருஷம் போவட்டும், பொறவு பெரிசுக்கு மாறலாம்". அப்படியானால் ஈஸ்டருக்கு ஊதுவது பழகுகிறவர்களா என்று கேட்டிருக்க வேண்டும். அடுத்து அஞ்சு, அது பரவாயில்லை. அடுத்து மூணு. பொன்சிங்கின் காது நிமிர்ந்தது. மூணில் அவளுக்குக் காற்று சிந்தியது, கீழே நன்றாகக் கனமாக வந்தது, மேலே போகப்போக விரிசல், உச்சியில் சுரமே வரவில்லை, வெறும் காற்று. போன ஈஸ்டரில் அவனுக்கு வந்த அதே காற்று. அவனும் மூணில்தான் ஊதுகிறான், பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே கடையில், இதே பாய் ஆறரையை எடுத்து நீட்ட, "எனக்கா?" என்று கேட்டுவிட்டு மூணைக் காட்டியவன். பெரிய கிண்ணம் பெரிய ஆளுக்கு. உதட்டுத் தசையெல்லாம் விளிம்புக்குள் போய்விழ, பல்லில் அழுத்தி அழுத்தித்தான் ஒவ்வொரு வருஷமும் அந்த உச்சியைப் பிடித்தான். நாக்கு மேலே போனது. ஆடியது. "தம்பி, நீங்க சொல்லுங்க, எது நல்லாருக்கு?" என்று ஐரின் அக்கா கேட்டாள், மூக்கில் கண்ணாடி பதிந்த தடம் இரண்டு பக்கமும் சிவந்திருந்தது, பச்சைக் குழந்தையைப் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். பொன்சிங் ஒரு நிமிஷம் யோசிப்பதுபோல மூன்றையும் பார்த்தான். "மூணு எடுங்கக்கா. நானே மூணுலதான ஊதுதேன். இப்பம் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும், சனிக்கிழமைக்குள்ள சரியாயிரும்" என்றான். எவ்வளவு சுலபமாக வந்தது. பாய் புருவத்தைத் தூக்கினார், ஆனால் வியாபாரி, வாங்குகிறவர்களுக்கு நடுவில் வரமாட்டார், அவர் லட்சணம் அது. "அப்படியா தம்பி" என்றாள் ஐரின் அக்கா. நம்பிவிட்டாள். இதற்குத்தான் படித்த நர்ஸ், இதற்குத்தான் முப்பத்துநான்கு வருஷம்.

அப்புறம் பாய், "பழசு எதும்மா? கொண்டாந்திருக்கீங்களா, பாப்போம்" என்றார், அவளும் கைக்குட்டையில் முடிந்துவைத்திருந்ததை அவிழ்த்து எடுத்து நீட்டினாள். இதை அவன் யோசிக்கவில்லை. அதை இவள் எதற்காகத் தூக்கிக்கொண்டு வந்தாள், வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டியதுதானே, ஒரு காரியத்தையாவது ஒழுங்காகச் செய்கிறார்களா. பாய் அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார், கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார், முகம் மாறியது. நகத்தால் டேப்பின் நுனியைச் சுரண்ட ஆரம்பித்தார். "பிரிக்காதீங்க பாய், காத்து கசியும்" என்று பொன்சிங் சொன்னான், சொன்னது தன் குரல் மாதிரி இல்லை. "கசியட்டும்யா, இனி யாரு இதுல ஊதப்போறா" என்றார் பாய். நகம் சுரண்டியது. உள்ளே ரோஸ் கலர் இருக்கிறது, அந்தக் கிறிஸ்துமஸ் நோட்டீஸ், அதில் கேரல் ரவுண்ட்ஸ் பொறுப்பாளர் என்று அவன் பெயரே அச்சில் இருக்கிறது, பெயர் உள்ள பட்டையைச் சுற்றினானா சுற்றவில்லையா, ஞாபகம் இல்லை, எவன் பெயரைப் பார்த்துக் கிழிப்பான் அந்த அவசரத்தில். என்ன சொல்லலாம். எனக்கும் தெரியாதுக்கா என்கலாம். மாஸ்டர் கொடுத்ததைக் கொடுத்தேன் என்கலாம், மாஸ்டர் மறந்துபோயிருப்பார், அவருக்கு நேற்றுச் சாப்பிட்டதே மறந்துபோகிறது. பாய் சும்மா சந்தேகப்படுகிறார் என்கலாம், வேறு மதத்துக்காரர் நம் கோயில் பேண்டைப் பற்றி, சீ, அப்படியுமா ஒரு நினைப்பு வரும், வந்துவிட்டது. கோந்து காய்ந்திருக்கும், பட்டை பட்டையாக உதிரும், அதைப் பார்த்ததும் அவள் அழுவாளா, அழட்டும், அழுகிறவர்களைச் சமாளிக்கலாம், கத்துகிறவர்களைத்தான். டேப் ஒரு சுற்று வந்தது, இரண்டு சுற்று வந்தது, பாய் அதை மேஜை விளிம்பில் ஒட்டினார். உள்ளே ரோஸ் கலர் இல்லை.

வெள்ளை. பாய் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். காம்பு முழுக்க ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் பாதிமேல் ஏறி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல், ஓரம் மட்டும் பழுப்பேறியிருந்தது. "இது யாரும்மா சுத்துனது? டாக்டர் கட்டுக் கட்டுன கணக்கா இருக்கு" என்றார். "நாந்தான் பாய்" என்றாள் ஐரின் அக்கா, கண்ணாடியை மாட்டிக்கொண்டே. "இது டிராம்போன் பீஸும்மா. இதுலயா இவ்வளவு நாளும் ஊதுனீங்க?" "ஆமா. உள்ளத வச்சித்தான ஊதணும்" என்றாள். பாய் காம்பைத் திருப்பினார், பிளாஸ்திரி முடிகிற இடத்தில் நீலப் பேனாவில் சின்னதாக, தெளிவாக எழுதியிருந்தது, பொன்சிங்குக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது, 14.6.22. அவன் கணக்குப் பார்க்கவில்லை, கணக்கு தானாக நடந்தது. ஐந்தாம் தேதி கொடுத்தான். பதினாலு. ஒன்பது நாள். ஒன்பதாவது நாளே பிரித்திருக்கிறாள், ரோஸ் நோட்டீஸைப் பார்த்திருக்கிறாள், ஒல்லிக் காம்பைப் பார்த்திருக்கிறாள், எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துத் துடைத்துத் தன் கையால் ஒழுங்காகச் சுற்றி, அவன் பார்த்தால் தெரியக்கூடாது என்று மேலே அதே கறுப்பு டேப்பையும் ஒட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு எத்தனை ஞாயிறு. "இங்க விரலு இப்படியா தம்பி" என்று அவள் கேட்ட ஞாயிறுகள், "இன்னும் உதட்ட இறுக்குங்கக்கா" என்று அவன் ஓரக்கண்ணால் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்ன ஞாயிறுகள், "சரி தம்பி" என்று அவள் இறுக்கிய ஞாயிறுகள். மேபலின் ஆபரேஷன் ஆகஸ்ட்டில். ஆகஸ்ட்டில் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் குடையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள், தெரிந்துதான் அவன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அவன் கையால் காப்பி வாங்கிக் குடித்தாள். மாஸ்டரிடம் சொல்லவில்லை. ஐயரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் ஒன்றிரண்டு மாசம் தலையைத் தொங்கப்போட்டுவிட்டு நிமிர்ந்திருப்பான், அவளைத் திட்டியிருப்பான், அவளும் திட்டியிருப்பாள், மனுஷருக்கு மனுஷர் நடப்பதுதானே. ஒருவரிடமும் சொல்லவில்லை. பொறுத்துக்கொண்டதா அது, மன்னித்ததா, இல்லை, அவனுக்குத் தெரியும், அவனைவிட அந்த விஷயம் வேறு யாருக்குத் தெரியும். சொல்லுமளவுக்கு அவனை ஒரு ஆளாக அவள் எண்ணவில்லை.

"தம்பி" என்றாள் ஐரின் அக்கா. "என்ன சொல்லுதீங்க? மூணா, ஆறரையா?" முதல் தடவை கேட்ட அதே குரல்தான், ஒரு நூல்கூடக் கூடவில்லை குறையவில்லை. பாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மின்விசிறி கிர்ரென்றது. இவளைப் பற்றி நினைக்க அவனிடம் எத்தனையோ வார்த்தைகள் இருந்தன, ஏமாளி, கிழவி, ஊசி போடுகிறவள், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான், ஒன்றும் ஒட்டவில்லை. மறுபடியும் மூணு என்று சொல்லலாம். சொன்னால் அதற்கும் "அப்படியா தம்பி" என்பாள். அதை இன்னொரு தடவை கேட்க அவனால் முடியாது. வாயைத் திறந்தான், முதலில் காற்றுதான் வந்தது. "ஆறரை" என்றான். "நானும் அதான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அவள் பாயிடம் பணத்தை எண்ணிக் கொடுத்து ஆறரையைக் கைக்குட்டையில் முடிந்தாள். மேஜையில் கிடந்த டிராம்போன் மவுத்பீஸை எடுத்து ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்புத் துடைத்து அவனிடம் நீட்டினாள். "இது கோயில் சாமான். பீரோவுல எடுத்த எடத்துல வச்சிருங்க." பீரோ என்று அவன் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், அங்கே அவனுடைய மூணு ஏற்கெனவே கிடந்தது.

மாடிப்படி குறுகல், ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்க முடியும். யூஃபோனியத்தைத் தான் தூக்குகிறேன் என்று கையை நீட்டினான், அவள் "இருக்கட்டும் தம்பி" என்று மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் பையில் இரண்டு மவுத்பீஸும் ஒன்றோடொன்று இடித்து டிங், டிங் என்றன. பையைக் கையால் பொத்திக்கொண்டான். சனிக்கிழமை என்ன ஆகும் என்பது இனி யோசிக்கிற விஷயமில்லை, மாஸ்டர் அந்த ஒரு காதைத் திருப்புவார், அவ்வளவுதான், ஈஸ்டர் காலையில் கழுத்தெல்லாம் வேறு பக்கம் திரும்பும். கடைசிப் படியில் நின்று அவள் திரும்பிப் பார்த்தாள், தெரு வெளிச்சம் அவளுக்குப் பின்னால் இருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை. "அந்த மேல்பல்ல சனிக்கிழமைக்கு முன்னால எங்கயாவது காட்டிருங்க தம்பி" என்றாள். "ஜனவரிலேருந்து பாக்கேன், இடது பக்கமா சாய்ச்சு ஊதுதீங்க." சொல்லிவிட்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். பொன்சிங் படியிலேயே நின்றான், நாக்கு தானாக மேலே போய்ப் பல்லைத் தொட்டது.